வேண்டுமென்றே சொன்ன கதை

“அப்புறம்?” என்றாள் பூரணி.

அந்த ஒரு சொல்லில்தான் செண்பகவல்லிக்குச் சந்தேகம் தட்டியது. போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்புறம் என்னளா? கூடத்துல நின்னது நீதானே. ஒன்னைப் பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜியைக் கையில எடுக்கான், நீ கேக்கே, ‘நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுட்டே வாங்க’ன்னு. பாவம், தொண்ணூத்திமூணு சொன்னான். எண்பத்தாறு சொன்னான். அதோட நின்னுட்டான். பஜ்ஜியும் ஆறிப்போச்சு, பயலும் வேர்த்துப்போனான். அவன் அம்மைக்காரி எந்திரிச்சு, ‘எங்க புள்ள இங்க பரீட்சை எழுதவா வந்தான்?’னு கேட்டுட்டு நடையக் கட்டிட்டா.”

பூரணி வாய்விட்டுச் சிரித்தாள். “அய்யோ எக்கா! நல்லா இருக்கு. அப்புறம்?”

டாக்டர் பூரணவல்லியின் தொழிலே மறதிதான். வயதானவர்களுக்கு நினைவு எப்போது, எங்கே பிசகத் தொடங்குகிறது என்பதை அவர்களுடைய பேச்சிலிருந்தே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் நாடறிந்த பெயர். சென்னையில் ஓர் ஆய்வு நிலையமே அவள் பொறுப்பில் இருந்தது. ஆனால் இந்த மாப்பிள்ளைக் கதையை மட்டும் அவளால் மறக்கவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. யார் ஆரம்பித்தாலும் பாதியில் வெட்டுவாள். ஒரு கல்யாணப் பந்தியில் செண்பகம் இதை எடுத்துவிட, பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து போனவள் அவள்.

அவள்தான் இன்று இரண்டு முறை ‘அப்புறம்’ கேட்டிருக்கிறாள்.

“ஏளா, ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“நல்லாத்தானே இருக்கேன். ஏன் கேக்கே?”

“கோவமே வரலையே.”

“ஒங்கிட்ட எனக்கு என்னக்கா கோவம்?”

செண்பகம் போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில்வே முன்பதிவு கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வயதைக் கூட்டிச் சொல்கிறவர்களையும், இல்லாத முதுகுவலியைச் சொல்லிக் கீழ்ப்படுக்கை கேட்கிறவர்களையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தே தலை நரைத்தவள். கணவர் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே ரத்தம் தினமும் மாலை நாலு மணிக்குப் போன் செய்யும் இந்தத் தங்கச்சிதான்.

பக்கத்து வீட்டு எஸ்தரிடம் சுவருக்கு மேலாகச் சொன்னாள்.

“எஸ்தர், எந்தங்கச்சிக்குத் திடீர்னு பொறுமை வந்திருக்கு.”

“நல்லதுதானேக்கா. வயசாகுதுல்லா.”

“பொறுமை வயசுல வருததில்ல. அது பொறப்புலயே வரணும். அவளுக்கு வரலை.”

எஸ்தர் துவைத்த சட்டையை உதறிக் காயப்போட்டாள். “எங்க வீட்டுக்காரருக்கும் மவன் துபாய்லேருந்து தெனம் பேசினான். ‘மவன் எம்புட்டுப் பொறுமையாக் கேக்கான் பாரு’ன்னு இவரு பூரிச்சுப்போனாரு. கடைசியில பாத்தா அது மவனே இல்ல. துணைக்குரல்.”

“அது பேப்பர்ல படிச்சேன். பூரணி கண்டுபிடிச்சதுதானே.”

“அதேதான். மவன் ஒருநாள் பூரா உக்காந்து பேசிப் பதிஞ்சு குடுத்தான். மிஷின் அந்தக் குரலை அப்பிடியே புடிச்சுக்கிட்டு. தெனம் கூப்பிட்டு ஊர்க்கதை பேசும். பேசுதப்போ எந்த வார்த்தையில தடுக்குதாரு, எதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுதாருன்னு பாத்துக்கிட்டே இருக்கும். டாக்டர்ட்ட போனா நம்மாளு வாயையே தொறக்கமாட்டாருல்லா? மவன்கிட்டன்னா கொட்டிருவாரு.”

“மிஷின்னு அவருகிட்ட சொல்லலையா?”

“மொதல்ல சொல்லலை. சொன்னா மேடையில பேசுத மாதிரி தொண்டையைக் கனைச்சுட்டுப் பேசுவாரு, கணக்கு தப்பிப்போகும்னு ஒங்க தங்கச்சிதான் சொல்லிச்சு. ஆனா ஒண்ணுக்கா, அதுனாலதான் ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாங்க. மறதிக்கான மருந்து தொடக்கத்துல குடுத்தாத்தான் கேக்கும், பிந்திட்டா தண்ணிதான். இப்பப் பாருங்க, ஆளு கிண்ணுனு இருக்காரு. நடுவுல என்னை அவரு அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்தாருக்கா. ‘ஏசுவே, இவரு எங்கூடப் பொறந்தவரா’ன்னு நான் அழுதேன்.”

எஸ்தர் சிரித்தாள். செண்பகமும் சிரித்தாள். பிறகு வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் நாலு மணிக்குப் போன் வந்தது. செண்பகம் மாப்பிள்ளைக் கதையை முதலிலிருந்து சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள். பஜ்ஜியை வடையாக்கினாள். எண்பத்தாறில் நின்றவனை எழுபத்தொன்பது வரை ஓடவிட்டாள். குரல் ஒரு நாளும் திருத்தவில்லை, ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. “அப்புறம்?” என்றது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது.

ஒரு பகலில் அவளே ஆய்வு நிலையத்துக்குப் போன் போட்டாள். பூரணி லைனுக்கு வரவே வெகுநேரம் ஆயிற்று.

“எக்கா, என்ன திடீர்னு? மீட்டிங்ல இருக்கேன். நாலு மணிக்குப் பேசுவோம்லா.”

“நேத்து நான் என்ன கதை சொன்னேன்?”

“நேத்தா? நீ சொல்லுத ஆயிரம் கதையில எதைன்னு நான்… எக்கா, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க.”

“சரி, வை.”

இந்தக் குரலில் சலிப்பு இருந்தது. செண்பகத்துக்கு அந்தச் சலிப்பைக் கேட்டதும் அழுகை வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் தங்கச்சியோடு பேசியிருக்கிறாள்.

அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அவள் கதையை நிறுத்தவில்லை. எங்கேயாவது உட்கார்ந்து பூரணி இதைக் கேட்டுக்கொண்டுதானே இருப்பாள், கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரட்டும், வந்து நேருக்கு நேர் நின்று கத்தட்டும் என்று இருந்தாள்.

பூரணி வந்தாள். ஒரு காலைப்பொழுதில் வாசலில் டாக்சி நின்றது. பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் செண்பகத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்.

“வாளா. கதை ஒன்னைக் கூட்டிட்டு வந்துட்டு பாத்தியா. ம், திட்டு.”

பூரணி திட்டவில்லை. அக்காவின் கையைப் பிடித்துச் சோபாவில் உட்கார வைத்தாள்.

“எக்கா, மெதுவாப் பேசுவோம்.”

“எதுக்கு மெதுவா? நான் என்ன செவிடா?”

“அந்தக் கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். சொன்னவளே நான்தானே.”

“தெரியாதுக்கா. அது தெரியாமப் போறதுதான் இந்த வியாதியே.”

செண்பகம் அவள் முகத்தையே பார்த்தாள். “ஏ மூதி, வேணும்னே சொன்னேன். நாலு மணிக்குப் பேசுதது நீயில்லைன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. சும்மா சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன்னு. அதுக்கும் எங்க புத்தகத்துல ஒரு பேரு இருக்கு.”

“என்ன பேரு வேணா இருக்கட்டும். நாலு மணிக்குப் பேசுதது நீயா, இல்லையா?”

“என் குரல்.”

“நீயா?”

“நான் இல்லை.” பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். “அத்தான் தவறின புதுசுல கொஞ்ச நாள் நானேதான் பேசினேன். அப்புறம் வேலை…”

“நான் சொன்னதையெல்லாம் யாரு கேட்டா?”

“மனுஷங்க யாரும் கேக்கமாட்டாங்க. மிஷின் கேக்கும், குறிச்சு வைக்கும். எனக்கு ஒரு கோடு மட்டும் வரும். ஏறுதா, எறங்குதான்னு.”

“அத்தானோட சட்டையெல்லாம் எடுத்துக் குடுத்த அன்னிக்கு ஒங்கிட்ட அழுதேனே. நீ கூட, ‘அழுது தீத்துருக்கா’ன்னு சொன்னியே. அதுவும் கோடுதானா?”

பூரணி பெட்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றாள் செண்பகம். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “பேப்பர் பரீட்சை ஒண்ணு வச்சிருக்கேல்லா. அதை வை. நான் எழுதுதேன்.”

“ஒனக்கு அதை வைக்க முடியாதுக்கா.”

“ஏன்?”

“முதல்ல அஞ்சு வார்த்தை சொல்லி…”

“அகப்பை, மின்னல், கொலுசு, சாவி, மண்டபம்.”

“பாத்தியா. அதுதான் காரணம்.”

கேட்டு நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வெளிநாட்டுப் பரீட்சையில் இருந்த சீமைப் பூவின் பெயரும் துணியின் பெயரும் இந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் பழக்கமில்லை என்று, தமிழில் புதிதாக ஒன்றைப் பூரணி உண்டாக்கிய காலத்தில் இதே கூடத்தில் இதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள். ‘எக்கா, எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தையா அஞ்சு சொல்லு’ என்று கேட்டாள். செண்பகம் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே சொன்ன ஐந்து வார்த்தைகள் அவை.

“தமிழ்நாட்டுல யாருக்கு மறதின்னாலும் நான் சொன்ன வார்த்தையை வச்சு அளக்கே. எனக்கு மட்டும் அளவு இல்லையா?”

“மனப்பாடம் வேற, ஞாபகம் வேறக்கா. நோய் முத்தினவங்ககூட பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பூராவும் பாடுவாங்க.”

“அப்ப நான் கோட்டி, புத்தி பெரண்டவன்னு சொல்ல ஒங்கிட்ட மிஷின் இருக்கு. இல்லைன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?”

“கோட்டின்னு யாருக்கா சொன்னா? மறதியில நடுக்கட்டம். அவ்வளவுதான்.” பூரணியின் குரல் மாறியது. வகுப்பெடுக்கிற குரல். “தனியா இருக்க பெரியவங்களுக்குன்னு சட்டம் வந்திருக்குல்லா. துணைக்குரல் நடுக்கட்டம்னு காட்டினா, கூடப்பிறந்தவங்க யாராவது பொறுப்பாளரா இருக்கணும். வியாழக்கிழமை அதுக்கான குழு கூடுது. நீ வந்து சும்மா உக்காந்திருந்தாப் போதும். காகிதத்துல மட்டும்தான். நீ இங்கயேதான் இருப்பே. ஒன் தோசை, ஒன் டிவி, எல்லாம் அப்படியே இருக்கும்.”

“காகிதத்துல நான் சொன்னாச் செல்லுமா?”

“நான் ஆமான்னு சொன்னாச் செல்லும்.”

“நாளைக்கு எனக்குப் பல்லு வலிச்சா?”

“வைத்தியம் பாக்காம விடுவாங்களா?”

“யாருகிட்ட கேப்பாங்க, வலிக்குதான்னு? எங்கிட்டயா, ஒங்கிட்டயா?”

செண்பகம் எழுந்து அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பின்னாலேயே வந்த பூரணி அடுப்புத் திருகைச் சரிபார்ப்பதைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

செய்தி அன்றைக்கே சுவரைத் தாண்டிவிட்டது. சாயந்தரம் எஸ்தர் வந்து அவள் எதிரில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கேட்டாள்: “அக்…கா. காப்பி… குடிச்…சாச்சா?”

“எஸ்தர், ஒழுங்காப் பேசு.”

“கோவப்படாதீங்கக்கா. எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான் கோவப்பட்டாரு.” எஸ்தர் அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

தெருவில் வந்த கீரைக்காரர் அதுவரை அவளிடம் பேரம் பேசித் தோற்றவர். இப்போது அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, “வீட்ல யாரும் இருக்காங்களாம்மா?” என்றார். ‘நான் யாரு வே?’ என்று கேட்க வாயெடுத்தவள் கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த நாள் பூரணி ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நாலு மணி ஆயிற்று. போன் அடித்தது. துணைக்குரலை நிறுத்திவைக்க மறந்துவிட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து வருவதற்குள் செண்பகம் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“எக்கா, காப்பி குடிச்சியா?” என்றது போன்.

“குடிச்சேன். எதிர்ல ஒருத்தி உக்காந்து குடிக்கா.”

“யாரு வந்திருக்கா?”

“நீதான்.”

“எனக்குப் புரியலையேக்கா.”

“எனக்கும்தான். அதை விடு. மாப்பிள்ளைக் கதையை நான் எதுக்குத் தெனம் சொன்னேன்?”

“எக்கா, போனை வை,” என்றாள் பூரணி. ஒரே குரல் அறையின் இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

போன் சிரித்தது. “என்னை வம்புக்கு இழுக்கத்தான். ரெண்டு மூணு நாள்லயே தெரிஞ்சுபோச்சு. கதையை ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே ஒன் குரல்ல ஒரு சிரிப்பு வந்து ஒக்காந்துக்கிடும். பஜ்ஜி ஒருநாள் வடையாச்சு. ‘அக்கா வேணும்னே சொல்லுதா’ன்னு குறிப்பு எழுதி வச்சேன்.”

“அந்தக் குறிப்பு எங்கே?”

“எடுத்தாச்சு.”

“யாரு எடுத்தா?”

“அதைக் குடும்பத்துல சொல்ல எனக்கு அனுமதி இல்லைக்கா. குழு கேட்டாச் சொல்லுவேன்.”

செண்பகம் போனை அணைத்தாள். ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது. பூரணியின் டம்ளரில் மீதிக் காப்பி அப்படியே இருந்தது.

“சொல்லு,” என்றாள் செண்பகம்.

“சட்டம் வரதுக்கு முன்னாடி பெரிய கூட்டம் ஒண்ணு நடந்துது. ‘ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க வீட்டுல இதை வைப்பீங்களா’ன்னு ஒருத்தர் எந்திரிச்சுக் கேட்டார். நான் ஒன் கோட்டைத் திரையில போட்டேன். ‘என் கூடப்பிறந்த அக்கா. வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனா துணைக்குரல் பிடிச்சிருச்சு’ன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க.”

“எனக்குக் கோட்டி புடிச்சதுக்குக் கைதட்டினாங்களா?”

“எக்கா…”

“மேல சொல்லு.”

“அதுக்கப்புறம்தான் அந்தக் குறிப்பு என் கண்ணுல பட்டுது. நீ வேணும்னே சொல்லுதேன்னு. அப்படின்னா அந்தக் கோடு வியாதி இல்லை, ஒன் வம்பு. ஒரு ஆளு நெனச்சா மிஷினை ஏமாத்திரலாம், அதுவும் என் வீட்டு ஆளுன்னு ஆயிரும்லா. அதான் அழிச்சேன்.” அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “குழுவுல மிஷினைக் கேக்காதக்கா. கேட்டா எல்லாம் நின்னுபோகும். அடுத்த மாசம் துணைக்குரல் எல்லா மாவட்டத்துக்கும் போகப்போகுது. எஸ்தர் வீட்டுக்காரர் மாதிரி எத்தனை பேர் இருக்காங்கன்னு நெனச்சுப் பாரு.”

“என்னை ஒருக்க நெனச்சுப் பாத்தியா?”

“ஒனக்கு என்ன குறையப்போகுது? நான் பாத்துக்கிட மாட்டேனா?”

“இத்தனை நாளும் நீ பாத்துக்கிட்டதுதான் தெரியுதே,” என்றாள் செண்பகம்.

மறுநாள் காலையில் எஸ்தரின் கணவர் சாமுவேல் சார் சுவரோரமாக நின்று, “செண்பகம்மா, வேளாங்கண்ணிக்குப் போறோம், கீழ்ப்படுக்கை கிடைக்க உங்ககிட்ட ஏதும் வழி இருக்கா?” என்று கேட்டார். பெயரும் சரியாக இருந்தது, அவள் பார்த்த வேலையும் நினைவிருந்தது. அவள் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் நன்றாக இருக்கிறார். பூரணி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இவர் நன்றாக இருப்பதற்கு நான் ஏன் நோயாளியாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

“வயசைச் சரியாப் போடுங்க சார், தானாக் கிடைக்கும்,” என்றாள்.

வியாழக்கிழமை குழு கூடியது. நீளமான மேசை. நடுவில் டாக்டர் ரூபன், மாவட்டத்தின் நரம்பியல் மருத்துவர், இளைஞர். இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். மேசைமேல் துணைக்குரலுக்கான ஒலிபெருக்கிப் பெட்டி. பூரணி, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, அறிக்கை பாத்தோம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்றார் ரூபன்.

“நான் சொன்னா எடுபடாதுல்லா தம்பி. அந்தப் பெட்டியைக் கேளுங்க. குறிப்பு ஏதும் எழுதுச்சா, அதை யாரு எடுத்தான்னு கேளுங்க.”

பூரணி அக்காவின் முழங்கையைத் தொட்டாள். செண்பகம் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரூபன் பொத்தானை அழுத்தினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் கேட்டார். பெட்டி, பூரணியின் குரலில், நிதானமாகப் பதில் சொன்னது. ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது மறதியால் அல்ல. அக்கா சோதிக்கிறாள் என்று தெரிந்ததும் குறிப்பு எழுதப்பட்டது. பிறகு நீக்கப்பட்டது.

“நீக்கினது யார்?”

“டாக்டர் பூரணவல்லி.”

தன் பெயரைத் தன் குரலே சொல்லக் கேட்டுப் பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரிகளில் ஒருவர் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார். ரூபன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மேடம், இதை நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க,” என்றாள் பூரணி.

“சரி. அப்போ இவங்களுக்கு நோய் இல்லைன்னு முடிச்சிரலாம்.”

“முடிக்கக் கூடாது,” என்றது பெட்டி.

செண்பகம் நிமிர்ந்தாள்.

“அந்தக் கதையை மொத்தமாக் கழிச்ச பிறகும் பாக்கி இருக்கு. அத்தான் இன்னும் வரலை, சாப்பாட்டை மூடி வச்சிருக்கேன்னு அக்கா சில நாள் சொன்னாங்க. கதை சொல்லும்போது இருக்கிற சிரிப்பு அப்போ அவங்க குரல்ல இல்லை. மறுநாள் நான் அதைப் பத்திப் பேச்செடுத்தா, அப்படிச் சொன்னதே அவங்களுக்குத் தெரியலை.”

“நானா சொன்னேன்?” என்றாள் செண்பகம்.

“ஆமாக்கா.”

“பொய்யி.” அவள் ரூபனைப் பார்த்தாள். பிறகு பூரணியின் பக்கம் திரும்பினாள். இதுவும் இவள் வேலைதான் என்று அந்த முகத்தில் தேடினாள். கவுண்டரில் எத்தனை முகங்களைப் பார்த்தவள். பூரணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தில் பொய் இல்லை. அதைக் கண்டதும்தான் செண்பகம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது அறிக்கையிலேயே இல்லையே,” என்றாள் பூரணி. “எனக்கு இது தெரியவே தெரியாது.”

“அதே குறிப்புலதான் கீழே எழுதியிருந்தேன்,” என்றது அவள் குரல். “அழிச்சப்போ ரெண்டும் சேந்து போயிருச்சு.”

ரூபன் மெதுவாகக் கேட்டார். “நீங்க அதை முழுசாப் படிக்காமலா அழிச்சீங்க?”

“முதல் வரியைத்தான் படிச்சேன்.”

ரூபன் பொத்தானை அழுத்த, பச்சை விளக்கு அணைந்தது. அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து செண்பகத்துக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மா, இது தொடக்கம்தான். ரொம்பத் தொடக்கம். அறிக்கையில இருந்தபடி நடுக்கட்டம்னு கையெழுத்துப் போட்டிருந்தா, மருந்தே ஆரம்பிச்சிருக்க மாட்டோம். இப்போ ஆரம்பிக்கலாம். தொடக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பொறுப்பாளர் யாரும் கிடையாது. வேணும்னு நீங்க சொன்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். உங்க வார்த்தைதான்.”

“என் வார்த்தை,” என்றாள் செண்பகம்.

“ஆமாம்மா.”

அவள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். மூடி வைத்த சாப்பாட்டை நினைத்துப் பார்த்தாள். எந்தத் தட்டு, எதைக் கொண்டு மூடினேன் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

“மருந்து எடுத்துக்கிடுதேன்.”

“நல்லது. இன்னொண்ணும் இருக்கு. மருந்து வேலை செய்யுதான்னு துணைக்குரல்தான் பாக்கும். தினமும் அதோட கொஞ்ச நேரம் பேசணும்.”

“பேசுதேன். அந்தக் குரலை மட்டும் மாத்திருங்க.”

“மாத்திரலாம். பக்கத்து வீட்டு எஸ்தரம்மா குரல் வைக்கலாமா? உங்களுக்குப் பழகின குரலா இருந்தா நல்லது.”

“பழகினவுக யாரும் வேண்டாம். எந்த ஊரு, என்ன பேருன்னு எனக்குத் தெரியாத ஒருத்தி குரலாப் பாத்து வைங்க. அவ ஒரு நாள் கூப்பிடலைன்னா, ஏன் கூப்பிடலைன்னு நான் நெனைக்கமாட்டேன்லா. அது போதும்.”

ரூபன் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

“எக்கா…”

பூரணி கூப்பிட்டதற்குச் செண்பகம் திரும்பவில்லை. மேசைமேல் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, மொதல்ல அதை அணைச்சிருங்க.”

“அது அணைஞ்சுதான்மா இருக்கு,” என்றார் ரூபன்.

“தெரியும்,” என்றாள் செண்பகம்.